யாருடைய துணி?

பழந்துணிக்கு உரியவர் உண்டா? ஒருவர் உடுத்துத் தோய்த்து, நூல் நைந்து, இனி வேண்டாமென்று கழித்துவிட்ட சீலையையோ சேர்ட்டையோ இன்னொருவர் எடுத்து வெட்டித் தைக்கிறார். எடுத்த கணத்திலேயே அந்தத் துணி முழுவதுமாக எடுத்தவருடையதாகிவிடுகிறதா? சட்டத்தைக் கேட்டால் சுலபமாகச் சொல்லிவிடும்: எறிந்தவர் எறிந்துவிட்டார், எடுத்தவர் எடுத்துக்கொண்டார், கணக்கு முடிந்தது. எங்களுக்குக் கணக்கு முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பாரிஸின் வடக்குப் புறநகரில், றெஸ்ரோரன்ற் பூட்டிக் கிடக்கும் திங்கட்கிழமைகளில், எங்களில் சிலருடைய வீடுகளில் துண்டுத்துணிகளைப் பொருத்திப் போர்வை தைக்கும் வேலை ஒன்று இரண்டு வருடமாக நடந்து வருகிறது. இங்குள்ளவர்கள் இதைப் ‘பச்வேர்க்’ என்கிறார்கள்; ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘குவில்ற்’. தைப்பவர்கள் பெரும்பாலும் அக்காமார். கோப்பை கழுவுவதும் வெங்காயம் உரிப்பதுமாக வாரத்தில் ஆறு நாளைக் கழிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் கிடைத்த பங்கு, துணி தேடிக் கொண்டுவருவதும் பழைய தையலைப் பிரிப்பதும்தான். தொடங்கிய காரணம் மேன்மையானதொன்றுமில்லை. மின்சார ஹீட்டரின் பில் ஏறிக்கொண்டே போனது. கடையில் ஒரு நல்ல போர்வையின் விலை எங்கள் ஒரு நாட் சம்பளத்தைத் தொட்டது.

துணி தேடுவது ஒரு தனிப் படிப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் தத்துவத்தைவிட இது பலருக்குப் பயன்படும்.

முதலில் பருத்த ஆண்களின் சேர்ட். பழைய சாமான் கடைகளில் எவரும் சீந்தாத மிகப் பெரிய அளவுகள் மலிவாகக் கிடக்கும். கொலர், கைமடிப்பு, பொத்தான் பட்டி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டால் முதுகுப் பக்கம் ஒரே துண்டாக வரும், பொத்தான்களும் மிச்சம். இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று கிடைத்தால் போர்வையின் அடிப்பக்கத்திற்கு வேறு துணி தேடத் தேவையில்லை. நடுவில் வைப்பதற்குப் பஞ்சு வாங்காமல் பழைய கம்பளியை வைக்கலாம். ஜீன்ஸ் உழைக்கும், ஆனால் கையால் தைப்பவரின் விரலைத் தின்றுவிடும். லாச்சப்பலில் சீலைச் சட்டை தைக்கும் தையற்காரரிடம் ஒரு முகமனுக்காகக் கேட்டாலே ஒரு பை நிறைய வெட்டுத்துண்டு தருவார். பட்டும் நைலோனும் கலந்திருக்கும், பிரிக்கப் பொறுமை வேண்டும். மொன்மார்த்தர் அடிவாரத்தில் மார்ஷே சென்பியர் பக்கம் போனால் துணி ஆலைகளின் மிச்சத் துண்டுகளைக் ‘கூப்போன்’ என்று அளவாக வெட்டி விற்கிறார்கள். எங்களுக்கு அது இரண்டாம் பட்சம்; புதுத்துணி புதுத்துணிதான். றெஸ்ரோரன்ரில் கழிக்கும் மேசைவிரிப்புகள் தடித்த பருத்தி. வைன் கறை போகாவிட்டால் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து முழுவதையும் ஒரே கறையாக்கிவிடலாம்.

எது பருத்தி என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்துங்கள். கடதாசி எரியும் மணத்தோடு மென்சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாகத் திரண்டால் பொலியெஸ்ரர். எல்லாவற்றையும் வெட்டுமுன் சுடுநீரில் ஒருமுறை தோயுங்கள். பழந்துணி சுருங்கி முடிந்திருக்கும் என்று நம்புவது சரி, சாயம் கழன்று முடிந்திருக்கும் என்று நம்புவது சரியல்ல. சிவப்புச் சீலை இருபது வருடத்திற்குப் பிறகும் பக்கத்துத் துண்டைச் சிவப்பாக்கும்.

இந்த நகரத்தில் கந்தை பொறுக்குவது நாங்கள் தொடக்கிய தொழிலல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் இரவிரவாகக் குப்பை கிளறிக் கந்தை சேர்த்து வாழ்ந்தவர்கள் ஏராளம். அந்தக் கந்தை கடதாசி ஆலைக்குப் போனது. மரக்கூழ் வந்து நிலைக்கும்வரை இந்த நாட்டின் புத்தகங்களும் பத்திரிகைகளும் ஏழைகளின் உள்ளாடையில்தான் அச்சாகின என்று சொன்னால் அது மிகையல்ல. 1883இல் இங்கு மாநகர நிர்வாகியாக இருந்த எழ்சேன் பூபெல் என்பவர் வீட்டுக் குப்பையை மூடிய தொட்டிகளில் இடவேண்டுமென்று ஆணையிட்டபோது, தங்கள் வயிற்றில் அடிக்கிறார் என்று கந்தை பொறுக்கிகள் கொதித்தார்கள். அவருடைய பெயர்தான் இன்று நாங்கள் இரவு பன்னிரண்டு மணிக்கு இழுத்துக்கொண்டு போகிற ‘பூபெல்’. 1949இல் தொடங்கிய எம்மாவுஸ் இயக்கமும் வீடற்றவர்கள் கந்தையும் பழஞ்சாமானும் சேர்த்து விற்றுத் தங்கள் காலில் நின்ற கதைதான். நாங்கள் சேர்ட் வாங்குவது அவர்களுடைய கடையொன்றில்.

*

‘மலிவு’ என்ற சொல்லில்தான் எங்களுக்கு முதற் சிக்கல். யாருக்கு மலிவு?

ஒரு யூரோவுக்கு வாங்கிய சேர்ட்டின் கொலரை வெட்டும்போது லேபிள் கையில் வரும். பெரும்பாலும் பங்களாதேஷ். பழைய சீலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் ‘காந்தா’ என்ற போர்வையை உண்டாக்கிய வங்காளப் பெண்களின் பேத்திகள் தைத்த சேர்ட் அது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவிற்கு அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்ட தொழிலாளர் இறந்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தது. ஆனாலும் அவர்களை வேலைக்குள் அனுப்பினார்கள். யாருக்காகத் தைக்கப்பட்டது என்பதை நிறுவ, இடிபாட்டுக்குள் கிடந்த லேபிள்களைத்தான் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. போர் முடிந்தபின் கிளிநொச்சிக்கும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே வேலை செய்யும் தங்கை தைத்த காற்சட்டையை இங்கே அண்ணன் குப்பையிலிருந்து எடுக்கக்கூடிய காலத்தில் இருக்கிறோம்.

ஆகவே பழந்துணி மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், அதன் உண்மையான விலையை வேறொருவர் ஏற்கெனவே கட்டியிருப்பது. எறியப்பட்டதை எடுப்பதால் நாங்கள் அந்தக் குற்றத்துக்கு வெளியே நிற்கிறோம் என்று சுற்றுச்சூழல் நண்பர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். பாராட்டை வாங்கிக்கொள்கிறோம். ஆனால் சேர்ட் எங்கள் கையில் வரும்போது அது எவருமற்ற வெறும் ‘மூலப்பொருள்’ என்ற பேச்சை மட்டும் எங்களால் ஏற்க முடிவதில்லை.

*

இந்த இடத்தில் அமெரிக்காவின் ஓர் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலத்துண்டு; பெயர் ஜீஸ் பென்ட். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பு மக்களின் ஊர். தோட்டத்துரையின் பெயரான பெற்வே என்பதே இன்றும் அங்கே பலருடைய குடும்பப் பெயர். 1932இல், கடனுக்குப் பொருள் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோக, அவருடைய குடும்பத்தார் வந்து கடனுக்கு ஈடாக மாடு, கலப்பை, களஞ்சியத்துத் தானியம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஊர்ப் பெண்கள் வயல்வேலைக்கு உடுத்துக் கிழிந்த காற்சட்டை, மாச்சாக்கு, உரச்சாக்கு இவற்றை வெட்டிப் போர்வை தைத்தார்கள். பருத்தி ஆலைத் தரையில் கூட்டியள்ளிய பஞ்சை அடித்து உள்ளே வைத்தார்கள். 1962இல், வாக்காளராகப் பதிய அவர்கள் முயன்ற காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது திரும்ப வந்தது 2006இல். நாற்பத்துநான்கு வருடம்! எங்கள் ஊர்ப் பாதை மூடல்களைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

1966இல் அப்பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவைத் தொடக்கினார்கள். 1972இல் ஒரு பெரிய வணிக நிறுவனத்திற்குக் கோடுரோய்த் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. உறைகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கவேண்டும்; மிச்ச வெட்டுத்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் தங்கள் மனம்போனபடி தைத்தவைதான் பின்னர் பேசப்பட்டன. 2002இல் ஹூஸ்ரன் அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகள் சுவரில் தொங்கின, பிறகு நியூயோர்க். விமர்சகர்கள் நவீன ஓவிய மேதைகளோடு ஒப்பிட்டார்கள். 2006இல் தபால்தலைகளிலும் வந்தன. 2007இல், தங்களுக்குரிய பங்கு வந்து சேரவில்லை என்று தைத்தவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். அது அடுத்த வருடம் இணக்கத்தில் முடிந்தது.

இந்தப் போர்வைகளைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு விதமாக அந்தப் பெண்களை அவமதிக்கலாம். இரண்டையும் நாங்கள் எங்கள் வட்டத்திலேயே கேட்டிருக்கிறோம். ஒன்று: ‘இல்லாமையிலும் என்ன அழகு!’ இதைச் சொல்பவர் அழகை ரசித்து ரசித்து இல்லாமையை மன்னித்துவிடுகிறார். மாட்டைப் பறித்தவனுக்கும் அந்தக் கலையில் ஒரு பங்கு உண்டு என்று சொல்வதற்கு இது அதிக தூரமில்லை. எங்கள் புலம்பெயர் சிற்றிதழ்களைப் பற்றிய பேச்சிலும் இந்த நோய் உண்டு. ஓர் அறையில் எட்டுப்பேர் படுத்து, கோப்பை கழுவிய காசில் இதழ் நடத்திய எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் பொற்காலம் என்பவர்கள், அந்த அறையில் படுத்தவர்களின் முதுகைப் பார்த்ததில்லை.

மற்றது: ‘பாவம், குளிருக்குத் தைத்தார்கள், கலையென்று அவர்களுக்கு எங்கே தெரியும்?’ இது இன்னும் மோசம். அந்த ஊரில் ஒவ்வொரு கோலத்திற்கும் பெயர் இருந்தது. கூரை முகடு என்றொன்று. வழிவழி வந்த கோலத்தை விட்டுத் தன்னிஷ்டத்திற்குத் தைத்ததை ‘என் வழி’ என்றார்கள். வெயிலில் காயப்போட்ட போர்வைகளை ஒருவரது மற்றவர் நடந்துபோய்ப் பார்த்தார்கள். குளிர் என்பது போர்வை ஏன் தைக்கப்பட்டது என்பதற்கு விடை. நீலத்துக்குப் பக்கத்தில் ஏன் அந்தச் சிவப்புத் துண்டை வைத்தாள் என்பதற்குக் குளிர் விடையாகாது.

அந்த ஊரில் 1942இல் தைக்கப்பட்ட போர்வை ஒன்றுதான் எங்கள் கேள்விக்கு மிகக் கிட்ட வருகிறது. மிசூரி பெற்வே என்ற பெண் கணவன் இறந்தபின் அவனுடைய வேலையுடுப்புகளை வெட்டி ஒரு போர்வையாகத் தைத்தாள். அவனை நினைத்திருக்கவும், அதன்கீழ் படுத்திருக்கவும். முழங்கால் தேய்ந்த இடமும், சட்டைப்பை இருந்து வெயில்படாமல் நிறம் காத்த இடமும் அந்த நீலத்தில் தெரிகின்றன. இந்தத் துணி வெறும் துணியென்று எவர் சொல்லுவார்?

முடிக்காமல் விட்ட பல்கலைக்கழகப் படிப்பில் எங்களுக்கு மிஞ்சியவற்றில் ஒன்று, 1785இல் இமானுவேல் கான்ற் பிரித்த ஒரு பிரிவு. ஈடுவைத்து மாற்றக்கூடியதற்கு விலை; ஈடில்லாததற்குக் கண்ணியம். பொருள்கள் முதலாவதில், மனிதர் இரண்டாவதில். மிசூரியின் போர்வை இந்தக் கோட்டின்மேல் விழுந்து கிடக்கிறது. பொருள்தான், ஆனால் அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு துணியைக் கொடுத்து அதை மாற்ற முடியாது. உடல் பட்ட துணி, முழுப் பொருளாகவும் இல்லாமல் ஆளாகவும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. எங்கள் அம்மாமாருக்கு இது கான்ற் சொல்லாமலே தெரியும். செத்தவரின் துணியைக் கொடுப்பதற்கும் எரிப்பதற்கும் முறை வைத்தவர்கள் அவர்கள். அம்மம்மாவின் பழஞ்சீலையில் ஏணை கட்டியவர்கள், கடைக்குப் போய்ப் புதுச்சீலை வாங்கி ஏணை கட்டவில்லை. கட்டியிருந்தால் பிள்ளைக்குச் சொரசொரவென்றிருக்கும் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணமில்லை.

இடையில் ஒன்று. காந்தா என்பதும் எங்கள் கந்தை என்பதும் ஒரே சொல். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன பழமொழியைத் தவிர அந்தச் சொல்லுக்கு நாங்கள் மரியாதை கொடுத்ததில்லை. ஆனால் ஆதி பௌத்தத் துறவிகளின் ஆடை, குப்பையிலும் சுடலையிலும் பொறுக்கிய கந்தையை வெட்டி ஒட்டித் தைத்தது. மகத நாட்டு வயல் வரம்புகளைப் பார்த்து அந்தத் தையலின் கோலத்தை ஆனந்தர் அமைத்தார் என்று அவர்களுடைய விநய நூலிலேயே இருக்கிறது. எல்லோரும் வேண்டாமென்றதைத் தவிர வேறொன்றையும் எடுக்கக்கூடாது என்ற ஒழுக்கம் அது. அந்த ஆடையின் பெயரால் மற்றவரின் வயல்களையே எடுக்கும் ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பதால், இதை நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

*

சிலி நாட்டில் 1973 செப்ரெம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்; பலர் காணாமற்போனார்கள். சந்தியாகோ நகரின் ஏழைப் பகுதிப் பெண்கள் திருச்சபையின் நிழலில் கூடித் தைக்கத் தொடங்கினார்கள். சாக்குத் துணியை அடித்தளமாக வைத்து, அதன்மேல் வெட்டுத்துண்டுகளால் வீடும், மலையும், சிறு மனிதர்களும். அந்தச் சாக்குக்கு ஸ்பானிய மொழியில் உள்ள பெயராலேயே அவற்றை ‘ஆர்பியேரா’ என்றார்கள். பார்த்தால் பிள்ளைகளின் படம் போல இருக்கும். கிட்டப்போனால் வீட்டு வாசலில் இராணுவ வண்டி நிற்கும், பெண்கள் ‘எங்கே?’ என்று கேட்கும் பதாகை பிடித்திருப்பார்கள். சிலவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு பை. அதற்குள் செய்தி எழுதிய கடதாசி. வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்ற காசில் அடுப்பு எரிந்தது. அவர்களில் சிலர், காணாமற்போன மகனின் காற்சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அந்தத் துணி மனிதனுக்கு உடுத்தினார்கள்.

இந்தக் கடைசி விடயத்தில்தான் எங்கள் திங்கட்கிழமை இரண்டாகப் பிளந்தது. வன்னியிலிருந்து வந்த அக்கா ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “அதெப்பிடித் தம்பி வெட்டுவினம்? பிள்ளை வந்து கேட்டா?” என்றார். மற்றவர், “வரமாட்டானெண்டு தெரிஞ்சபடியாத்தான் வெட்டியிருப்பினம்” என்றார். “ஆர் சொன்னது வரமாட்டானெண்டு?”

அதன்பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

கேட்ட அக்கா துணியை வெட்டத் தெரியாதவரல்ல. 2009இன் முதல் மாதங்களில் முள்ளிவாய்க்காலை நோக்கி ஒதுங்கிக்கொண்டு போன சனம் பதுங்குகுழிக்கு மண்மூட்டை அடுக்கச் சீலைகளைத்தான் வெட்டித் தைத்தது. வீட்டுச் சீலை முடிந்ததும் கோயிற்சீலை, அதுவும் முடிந்ததும் பட்டு, கடைசியாகக் கூறைச்சீலை. அக்காவின் கூறையும் அப்படித்தான் போனது. கைத்தையல்தான், சன்னமாகத் தைக்க நேரமில்லை, மண் கொட்டாமல் இருந்தால் போதும். பிற்காலத்தில் வெளிவந்த படங்களில் அந்த வண்ணமூட்டைகள் கடற்கரை மணலில் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு கலைக்கண்காட்சிக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது என்று எங்கள் நண்பர் ஒருவர் சொன்னபோது நாங்கள் அவரோடு கோபித்தோம். கோபித்தது சரியென்றே இன்றும் நினைக்கிறோம். அவர் படங்களில் நிறங்களைக் கண்டார். அந்தச் சீலைகளை வெட்டியவர்களிடம் யாருடைய துணி என்று கேட்கும் தகுதி உலகில் எவருக்கும் கிடையாது. தங்களுடையதைத் தங்கள் பிள்ளைகளின் தலைக்குமேல் வைப்பதற்காக வெட்டினார்கள்.

அப்படியானால் தன் கூறையை வெட்டியவர் சிலித் தாய் வெட்டியதை ஏன் ஏற்கவில்லை? நாங்கள் விளங்கிக்கொண்டது இதுதான். தன்னுடையதைத் தான் வெட்டலாம். செத்தவருடையதை, செத்தாரென்று தெரிந்தபின், மிசூரியைப் போல வெட்டலாம். காணாமலாக்கப்பட்டவரின் துணிக்கு உரியவர் இன்னும் அவர்தான். அதை வெட்டுவது ஒரு மரணத்துக்குக் கையெழுத்துப் போடுவது மாதிரி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்திய தாய்மார் மரணச் சான்றிதழை வாங்க மறுத்ததற்கும் அக்கா ஊசியைக் கீழே வைத்ததற்கும் வித்தியாசமில்லை. சிலித் தாயும் அதே காரணத்துக்காகத்தான் வெட்டினாள் என்பதையும் சொல்லவேண்டும். தன்னிடம் இருந்த ஒரே சாட்சியைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதைவிட, வெளிநாட்டுச் சுவரொன்றில் தொங்கவிட்டுக் கேட்க அவள் முடிவெடுத்தாள். இருவரும் அந்தத் துணியை ஆளாகவே நடத்தினார்கள். எங்களுக்கு எதிர்ப்பட்டதெல்லாம் துணியைத் துணியாக மட்டும் நடத்துபவர்கள்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது எலும்புகளோடு துணிகளும் வந்தன. ஒரு பிள்ளையின் புத்தகப்பையும் வந்தது. ஓகஸ்ற் மாதம், நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில், எவராவது அடையாளம் காட்டக்கூடும் என்று அவற்றைச் சனத்தின் பார்வைக்கு வைத்தார்கள். தையலைப் பார்த்துப் பிள்ளையை அறிய வேண்டும். தோளில் தான் போட்ட ஒட்டு, பொத்தான் மாற்றியபோது கிடைத்த வேறு நிற நூல்... இருபத்தைந்து, முப்பது வருடத்துக்குப் பிறகு அதைத் தேடிக்கொண்டு ஒரு தாய் குனிந்து பார்க்கிறாள். அந்தச் செய்தி வந்த கிழமை எங்கள் வீட்டில் ஒருவரும் தைக்கவில்லை.

*

இப்போது நாங்கள் செய்வது சிறிய வேலை. போர்வையின் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால், அடித்துணி வைத்து மூடுமுன், அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறோம். பேனையால் எழுதியதை முதற் தோய்ப்பே அழித்துவிட்டதால் இப்போது நூலால், சங்கிலித் தையலில். ‘மச்சாளின் சீலை, வவுனியா.’ ‘லாச்சப்பல் தையற்காரர்.’ ‘மேசைவிரிப்பு, றெஸ்ரோரன்ற்.’ ஒருவரும் பார்க்காத பக்கத்தில் ஏன் இந்த வேலை என்று மெனக்கெடுதலைக் கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம் கூடப் போகிறது, உண்மைதான்.

பாதிக்கு மேற்பட்ட துண்டுகள் ஒரு யூரோச் சேர்ட்டுகள். அவற்றுக்கு லேபிளையே வெட்டித் தைத்துவிடுகிறோம். லேபிளும் இல்லாதவற்றுக்குத் ‘தெரியாது’ என்று தைக்கிறோம். அக்கா தன் கூறைச் சட்டையைத் தரவில்லை, அது பெட்டியில் இருக்கிறது. துப்புரவு வேலைக்குப் போட்ட நீலக் கோட்டின் முதுகைத் தந்திருக்கிறார். அதற்குப் பின்னால் தன் பெயரைத் தானே தைத்தார். பெரிய எழுத்தில், கொஞ்சம் கோணலாக.